கதவுக்கு வைத்த கல்

மணி பதினொன்று தாண்டியிருக்கும். கம்பம்மெட்டை விட்டு உள்ளே போகிற தோட்டத்து ரோடு. இரண்டு பக்கமும் ஏலக்காடு. வீடு கிடையாது, கடை கிடையாது, ஒரு லைட் கம்பம்கூடக் கிடையாது. மழை விட்டு மஞ்சு இறங்கியிருந்தது… பைக் வெளிச்சம் முன் சக்கரத்தைத் தாண்டவில்லை. அந்த ரோட்டில் மத்தியாஸ் தனியாக வந்துகொண்டிருந்தார்.

ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறது. பிளக்கைத் துடைத்து மாட்டியும் பார்த்தார். உதைத்தார், உதைத்தார்… ம்ஹூம். சுற்றிலும் இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அப்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்… டக்.

கதவு மூடுகிற சத்தம். சாதாரணக் கதவு இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள், மேலே ஒரு இரும்புக் கை மடங்கி இருக்கும், விட்டால் கதவு தானாக வந்து மூடிக்கொள்ளும். மெதுவாக வரும், கடைசியில் டக்கென்று பிடிக்கும். அந்தச் சத்தம். நடுக்காட்டில் ஏதய்யா கதவு?

கூடவே ஒரு வாசனை. ஏலக்காய் கருகுகிற வாசனை… முதலில் இனிப்பாக மூக்கில் ஏறும், அப்புறம் தொண்டையைப் பிடிக்கும். மத்தியாசுக்கு அந்த வாசனையும் தெரியும், அந்தச் சத்தமும் தெரியும். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்த வேண்டாம், கல் வைத்துத்தானே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். அடுப்படிச் சூடாவது இந்தப் பக்கம் வரட்டும். மண் சரிந்து ரோடு அடைபட்டாயிற்று, காலையில் ஜேசிபி வராமல் நம்மில் ஒருத்தரும் வண்டியை எடுக்கப் போவதில்லை. பிறகென்ன அவசரம்? இந்த மத்தியாஸ் யார் என்றால், இதோ வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருக்கிறானே ஜிதின், இவனுடைய பெரியப்பா. நான் ஏதாவது கூட்டியோ குறைத்தோ சொன்னால் இவனே திருத்தட்டும்.

மத்தியாஸ் ராக்கப்பன் முதலாளியிடம் சூப்பர்வைசராக இருந்தார். ராக்கப்பனுக்கு ஏலக்காய் ஸ்டோர் ஒன்று உண்டு. பச்சைக்காயைக் கொண்டுவந்து கொட்டினால் உலர்த்திக் கொடுக்கிற கட்டடம். கீழே உலர்த்துகிற ரூம், ராவும் பகலும் விறகு எரிகிற பெரிய அடுப்பு, அதிலிருந்து சூடு ஏற்றுகிற தகரக் குழாய்கள். அதை ஒட்டி மாடிப்படி. படி ஏறினால் மேலே ஒரே நீள ஹால். சீசன் வேலைக்கு வருகிற பெண்கள் அங்கேதான் பாய் விரித்துத் தூங்குவார்கள். நெருப்பு கீழே, ஆட்கள் மேலே. கட்டினவன் புத்திசாலித்தனத்தைப் பார்த்தீர்களா?

லைசன்ஸுக்காக ஃபயர் ஆபீசர் வந்து பார்த்தார். மலையாளத்துக்காரர், தமிழும் பேசுவார். உலர்த்துகிற ரூமுக்கும் மாடிப்படிக்கும் நடுவே நல்ல கனமான கதவு போடாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார். ராக்கப்பன் முணுமுணுத்துக்கொண்டே போட்டான். செத்தவனை அவன் இவன் என்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், முழுக் கதையையும் கேட்டால் நீங்கள் இன்னும் மோசமாகச் சொல்வீர்கள். கதவு மாட்டின அன்றைக்கு ஆபீசர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

“தீ பிடிக்காம இருக்கும்னு நான் ஒறப்பா சொல்ல முடியாது. பக்ஷே பிடிச்சா, பிடிச்ச ரூம்லயே அதைப் பூட்டி வைக்கலாம். ரூம் எரியும், ஆளு பிழைக்கும். அதுக்குத்தான் இந்தக் கதவு. இது தன்னால அடையணும், கேட்டோ? ஆரும் கல்லு வைக்கக் கூடாது.”

மற்றவர்கள் மணி எப்போது அடிக்கும் என்று நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் உன்னிப்பாகக் கேட்டாள். கத்தரீனாள். வண்டிப்பெரியாரில் லயத்து வரிசை வீட்டுப் பெண். அங்கே தேயிலைத் தோட்டத்தில் செடி வெட்டுகிற கவாத்து மிஷினில் வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. அந்த மொட்டை விரலாலேயே எதையும் சுட்டிக் காட்டிப் பேசுகிற பழக்கம் அவளுக்கு.

“சார், கதவு சாத்தியிருந்தா பொகையும் வராதா?”

“வராது. சுவத்துல ஓட்டை இருந்தா அது வழி வரும்.”

“அப்ப அது?”

மொட்டை விரல் மேலே காட்டியது. தகரக் குழாய் ஒன்று சுவரைத் துளைத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் வருகிற இடம். குழாயைச் சுற்றிக் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். ராக்கப்பன் கத்தரீனாளைப் பார்த்த பார்வை இருக்கிறதே… அவளை அங்கேயே எரித்திருப்பான். இரண்டு நாளில் அடைத்துவிடுகிறேன் என்று ஆபீசரிடம் கும்பிட்டுச் சொன்னான். மத்தியாசை விட்டு ஓட்டையில் பழைய சாக்கைத் திணித்து, மேலாக ஒரு கரண்டி சிமென்ட் பூசச் சொன்னான். வெளியிலிருந்து பார்த்தால் சுவர். உள்ளே சாக்கு.

சீசன் வந்தது. அந்த வருஷம் காய் என்றால் காய், அப்படிக் காய். உலர்த்துகிற ரூமில் தட்டு வைக்க இடமில்லை. பச்சைக்காயைப் போட்டு வைத்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் ஏலத்தில் ஒருத்தன் சீந்த மாட்டான். ராக்கப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். மாடிப்படி நெடுக, படிக்கு ஒரு தட்டாகக் காயைப் பரப்பச் சொன்னான். கதவைத் திறந்து வைத்தால் உள்ளேயிருக்கிற சூடு படிக்கு வரும், அந்தச் சூட்டிலேயே காய் உலரும். இந்த மலையில் காய்க்காரனைத் தவிர வேறு யாருக்காவது இப்படித் தோன்றுமா?

கதவு தானாக மூடிக்கொள்கிறதே? கல் வைத்தாயிற்று. வைத்தது மத்தியாஸ்.

கத்தரீனாள் போகிறபோதும் வருகிறபோதும் அந்தக் கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போவாள். ஸ்ஸ்ஸ்ஸ்… டக். கதவு மூடிவிடும். ராக்கப்பன் கத்துவான். கடைசியில் ஒருநாள் மத்தியாஸ் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிவான கருங்கல்லாகப் பார்த்து எடுத்துவந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். கத்தரீனாள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, மேல படுத்திருக்கிறது நாங்கண்ணே.”

“நான் என்ன செய்யட்டும்? மொதலாளி சொல்றாரு.”

மத்தியாஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு சாயா குடிக்கப் போய்விட்டார்.

அந்த வாரமே தீ பிடித்தது. அடுப்புக் குழாயில் எங்கேயோ விரிசல், பொறி தட்டில் விழுந்திருக்கிறது. உலர்ந்த காய் எரிகிற வேகத்தை நீங்கள் பார்த்ததில்லையே… எண்ணெய் அய்யா அது, அத்தனையும் எண்ணெய். திறந்த கதவு வழியாகப் புகை படியேறியது. மேலே பெண்கள் இருமிக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் ஓடினார்கள். ஒருத்தி மட்டும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கீழே ஓடினாள். புகைக்குள்ளே… நெருப்பு இருக்கிற பக்கமாக.

கல்லை அவள் எப்படிப் பிடுங்கினாள் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பிடுங்கிவிட்டாள். கதவு மூடியது. மேலே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகச் சேற்றில் குதித்துக் கால் உடைந்தாலும் உயிரோடு வந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது. இந்தப் பக்கம் முதல் படியில் கத்தரீனாள் கிடந்தாள். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை, எல்லாம் புகை, மேலே சாக்கு எரிந்துபோன அந்த ஓட்டை வழியாக வந்த புகை. இரண்டு கையாலும் கல்லை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியை யாராலும் விடுவிக்க முடியவில்லை. கல்லோடேயே தூக்கினார்கள்.

போலீஸ் வந்து, கதவுக்குக் கல் வைத்தது யார் என்று கேட்டது. ராக்கப்பன் மத்தியாசைப் பார்த்தான். மத்தியாஸ் தரையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

“கையில கல்லு இருக்குல்ல சார். அப்ப அவதான். மேல குளிருதுன்னு வச்சிருப்பா.”

அவ்வளவுதான். ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. வேலை போய்விடும் என்று மற்ற பெண்கள் வாயைத் திறக்கவில்லை. அடக்கத்துக்கு வண்டிப்பெரியாரில் ஆளே இல்லை. “இவளால எம்புள்ள கால் ஒடிஞ்சு கெடக்கா” என்று லயத்தில் ஒருத்தி சத்தம் போட்டாளாம். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி, இரண்டு பேர் குழி மூடினார்கள். அவளுடைய அம்மா செபமாலையம்மாள் மட்டும் மழையில் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

ராக்கப்பன் ஸ்டோரைத் திரும்பக் கட்டினான். அதே சுவர், அதே படி, அதே ஹால், புதுக் கதவு. குழாய் போகிற ஓட்டைக்குத் திரும்பவும் சாக்கு. மத்தியாஸ் திரும்பவும் வேலைக்குப் போனார். அப்புறம்தான் நான் முதலில் சொன்ன அந்த ராத்திரி… அந்த வளைவு… அந்தச் சத்தம்.

அன்றைக்கு வீட்டுக்குள் ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டவர், சத்தத்தை வெளியே விட்டுவிட்டோம் என்று நினைத்தார். சமையலறைக் கதவு தன் பாட்டுக்கு மூடியது. ஸ்ஸ்ஸ்ஸ்… டக். சாதாரணப் பலாமரக் கதவு, அதில் இரும்புக் கையும் இல்லை ஒன்றும் இல்லை. அடுத்த நாள் பாத்ரூம் கதவு. அப்புறம் பீரோ. ஜீப்பில் போனால் ஜீப் கதவு. எங்கே எதைத் திறந்து வைத்தாலும், அவர் முதுகைக் காட்டினதும் மெதுவாக வந்து மூடும். மனைவிக்கும் கேட்டது. காற்று என்று சொல்லிப் பார்த்தார்கள். காற்று இத்தனை பொறுமையாகவா கதவைச் சாத்தும்?

அதோடு விடவில்லை. ஒருநாள் விடியற்காலையில் மூச்சு முட்டி எழுந்தார். ரூம் கும்மிருட்டு. ஜன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைகள் எல்லாம் அடைத்திருந்தன. விரலால் சுரண்டினால் ஈரச் சாம்பல். சாவித் துவாரத்தில் சாம்பல். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில், நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மயிரிழை விரிசலில்கூட… பிசைந்து, அழுத்தி, வழித்து, மேஸ்திரி வேலை மாதிரி அவ்வளவு சுத்தம். கதவைத் தோளால் இடித்துத் திறந்து வெளியே வந்து விழுந்தார். மனைவி விளக்கைக் கொண்டுவந்து பார்த்தாள். சாம்பலில் விரல் தடம் பதிந்திருந்தது. நான்கு விரல் முழுசு… ஒரு விரல் மட்டும் பாதி.

மத்தியாஸ் கண்களை மூடிக்கொண்டார். யாருடைய கை என்று மனைவியிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் தெளித்தார்கள், ஜெபம் சொன்னார்கள். சாம்பலைச் சுரண்டி எடுத்தால் மறுநாள் திரும்பவும் அடைத்திருக்கும். ராத்திரிக்கு ராத்திரி அந்த ரூம் இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் மனைவியே சொல்லிவிட்டாள், “போயி அந்தம்மா கால்ல விழுங்க. இல்லன்னா ஒருநா காலைல நான் பொணத்தைத்தான் எழுப்பணும்.”

போனார். வண்டிப்பெரியாரில் லயத்து வாசலில் செபமாலையம்மாள் விறகு பிளந்துகொண்டிருந்தது. மத்தியாஸ் நடந்ததை எல்லாம் சொன்னார். கல் வைத்தது நான்தான், சுத்தியலால் அடித்து இறுக்கினதும் நான்தான், உன் மகள் எடுக்கத்தான் போனாள், மேலே இருந்த அத்தனை பேரையும் காப்பாற்றினது அவள்தான், என்னை மன்னித்துவிடு என்று அழுதார். அந்த அம்மா கோடாலியைக் கீழே வைக்கவில்லை.

“இத எங்கிட்ட எதுக்குய்யா சொல்ற? எம்மக வைக்கலன்னு எனக்குத் தெரியாதா? ஸ்டேஷன்ல போயிச் சொல்லு. ஞாயித்துக்கெழம பூசைல எந்திரிச்சு நின்னு சொல்லு. அவள ஏசுனவுக அத்தன பேரும் கேக்கட்டும்.”

“சொல்லிர்றேன்மா. இந்த சீசன் மட்டும் முடியட்டும். இப்ப சொன்னா மொதலாளி என்னையச் சும்மா விட மாட்டாரு.”

செபமாலையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு விறகைப் பிளக்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒன்று நடந்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. ஓட்டைகளில் சாம்பல் இல்லை. சொல்கிறேன் என்று சொன்னதற்கே அவள் விட்டுவிட்டாள் போல என்று மத்தியாசுக்கு உயிர் வந்தது. நன்றாகத் தூங்கினார், சாப்பிட்டார். மனுஷன் அத்தோடு நேராக ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டாமா? போகவில்லையே! ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மற்றவர்களோடு எழுந்து, மற்றவர்களோடு வெளியே வந்தார்.

அதற்குள் காய் குவிந்துவிட்டது. ராக்கப்பன் படியில் தட்டு அடுக்கச் சொன்னான்.

இந்தத் தடவை மத்தியாஸ் வாய் திறந்துதான் பார்த்தார். “வேணாம் மொதலாளி. அந்தக் கதவுல கை வைக்க வேணாம். எனக்கு மனசு சரியில்ல. நான் ஸ்டேஷன்ல உள்ளதச் சொல்லிரலாம்னு இருக்கேன்.”

ராக்கப்பன் அத்தனை பெண்களுக்கும் முன்னால் அவர் சட்டையைப் பிடித்தான். “யோவ், வச்சவன் நீ, பொய் சொன்னவன் நீ. உள்ள போறதும் நீதான் போவ. பேசாம கல்லப் போடுய்யா!”

அவமானத்தில் மத்தியாசின் முகம் செத்துப்போயிற்று. சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்தார். சுத்தியலையும் எடுத்தார். அடித்து இறுக்கினார். பெண்கள் எல்லாம் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கேயோ, ஒரு கதவும் இல்லாத அந்த ஹாலில்… ஸ்ஸ்ஸ்ஸ்… டக்.

அன்றைக்கு ராத்திரி வெளியே அடைமழை. முன்பக்க ஷட்டரை இறக்கி, அதை ஒட்டி உள்ளே பச்சைக்காய் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ராக்கப்பன் அடுப்பின் பக்கத்தில் நின்று காயைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியாஸ் கதவருகே தட்டு மாற்றிக்கொண்டிருந்தார். முதலில் வாசனை வந்தது. இனிப்பாக… அப்புறம் தொண்டையில் பிடித்தது. “என்னய்யா கருகுது?” என்று ராக்கப்பன் திரும்பினான். அவன் திரும்பின பக்கம் தட்டு வரிசை முழுக்கக் குப்பென்று பிடித்துக்கொண்டது.

மத்தியாஸ் ஒரே தாவில் கதவைத் தாண்டிப் படிப்பக்கம் வந்துவிட்டார். “மொதலாளி, இங்கிட்டு வாங்க, இங்கிட்டு!” ராக்கப்பன் ஓடிவந்தான். அப்போதுதான் மத்தியாஸ் கேட்டார்… கர்… கர்… காலடியில் கல் அசைகிற சத்தம்.

சுத்தியலால் அடித்து இறுக்கின கல். தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. யாரோ பொறுமையாக ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதுபோல… இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மத்தியாஸ் சட்டென்று குனிந்து, அதைத் திரும்ப உள்ளே தள்ளத்தான் பார்த்தார். கர்த்தர் மேல் ஆணையாக, தள்ளத்தான் பார்த்தேன் என்று ஜிதினுடைய அப்பாவிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். இரண்டு கையாலும் பிடித்தார். கல் சுட்டது. கல்லோடு கை ஒட்டிக்கொண்டது. அவர் கையோடேயே கல் வெளியே வந்துவிட்டது.

ஸ்ஸ்ஸ்ஸ்…

அவசரமே இல்லாமல் கதவு வந்தது. சுருங்கிக்கொண்டே வருகிற இடுக்கில் ராக்கப்பனுடைய முகம் தெரிந்தது, நீட்டின கை தெரிந்தது. மத்தியாஸ் தோளைக் கொடுத்துப் பார்த்தார். சுவரில் முட்டினது போலிருந்தது.

டக்.

உள்ளே ராக்கப்பன் இடித்தான். கத்தினான். மத்தியாசே மத்தியாசே என்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். அந்தக் கதவில் பூட்டு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, ஒரு குழந்தை தள்ளினால் திறக்கிற கதவு. திறக்கவில்லை. மத்தியாசுக்கு வலது தோளை ஒட்டி யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஈரத் துணி வாடை… மூக்கைக் கட்டிக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம்… காதுக்குப் பக்கத்தில். உள்ளே இடி குறைந்தது. அப்புறம் ஒரு கை மட்டும் பிறாண்டுவது கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

மேலே பெண்கள் தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். புகை போனால்தானே எழுந்திருப்பார்கள்? ராக்கப்பனுடைய கூச்சல் கேட்டு எழுந்து வந்து பார்த்தபோது, படிக்கட்டில் ஒரு பொட்டுப் புகை இல்லை. தட்டில் காய் பச்சையாக அப்படியே இருக்கிறது. கதவுக்கு முன்னால் மத்தியாஸ் நிற்கிறார். மார்போடு அணைத்தபடி, இரண்டு கையிலும் கல்.

ஃபயர் வண்டி வந்து தீயை அணைத்தது. பழைய அதே ஆபீசர். கதவை ஒரு விரலால் இழுத்தார், திறந்தது. ஒரு ரூம் முழுக்கக் கரி. அதைத் தாண்டி ஒரு சாண் இடத்தில் கூடக் கறை இல்லை. அவர் டார்ச் அடித்து மேலே குழாய் போகிற இடத்தைப் பார்த்தார். பூச்சு உதிர்ந்து விழுந்திருந்தது. உள்ளே சாக்கு இருக்க வேண்டும். சாக்கு இல்லை. குழாயைச் சுற்றிச் சாம்பலைப் பிசைந்து, துளி இடைவெளி இல்லாமல் அடைத்து வைத்திருந்தது. அவர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“நல்ல பணி. ஆரு செய்தது இது?”

பெண்களில் ஒருத்தி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சிலுவை வரைந்துகொண்டாள்.

போலீஸ் மத்தியாசைக் கேட்டது. அவர் எல்லா உண்மையையும் சொன்னார், ஒன்று விடாமல். பழைய கல்லை வைத்தது நான், பொய் சொன்னது நான், இன்றைக்குக் கதவைச் சாத்தினது கத்தரீனாள் என்றார். முதல் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். மூன்றாவதற்குச் சிரித்தார்கள். பகலில் முதலாளி சட்டையைப் பிடித்திருக்கிறார், ராத்திரி முதலாளி உள்ளே, நீ வெளியே, பூட்டில்லாத கதவு, வேறு ஆள் இல்லை. பிடித்துக்கொண்டு நின்றது நீயில்லாமல் யார்? கல்லை அவர் கையிலிருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தோலோடுதான் வந்தது.

அவர் மனைவி அழுதுகொண்டு வண்டிப்பெரியாருக்கு ஓடினாள். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, கத்தரீனாள் குழியில் பூ குவிந்து கிடந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள், அவரை விட்டுவிடச் சொல்லுங்கள், அவர் சாத்தவில்லை, திறக்கத்தான் பார்த்தார் என்று காலைக் கட்டிக்கொண்டாள். செபமாலையம்மாள் அவளை மெதுவாகத் தூக்கி உட்காரவைத்தது. தண்ணீர் கொடுத்தது. பிறகு கேட்டது.

“கையில கல்லு இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சும்மா… ஆனா…”

“அப்ப அவன்தான்.”

இன்னும் உள்ளேதான் இருக்கிறார். மாசத்துக்கு ஒருதடவை ஜிதினுடைய அப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவார். கம்பிக் கதவு, காற்று நன்றாக வருகிற இடம்தான். ஆனால் ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். காலையில் எழுந்து, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே விரலை விட்டு விட்டுப் பார்ப்பாராம், அடைத்திருக்கிறதா என்று. என்னடா ஜிதின், நான் சொன்னதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? பார்த்தீர்களா, தலையைக்கூட ஆட்ட மாட்டேன் என்கிறான்.

சரி, போதும். எனக்கே முதுகு சில்லென்கிறது. அடுப்பு அணைந்து எவ்வளவு நேரமாயிற்று, இனி அந்தப் பக்கமிருந்து என்ன சூடு வரப்போகிறது? டேய் ஜிதின், நீதான் கிட்டத்தில் இருக்கிறாய். அந்தக் கல்லை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்து.

என்னடா? ஏன் கையை உதறுகிறாய்?

“சுடுதுண்ணே.”